வாறுகால் முடியும் இடம்

சென்ற மாதம் சென்னையிலிருந்து பத்திரிகாசிரிய நண்பர் ஒருவர் பேசினார். "இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று வழக்கம்போல் கேட்டார். எழுத்தாளனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. எழுதிக்கொண்டிருந்தால் சொல்லப் பிடிக்காது. எழுதாமல் இருந்தால் சொல்ல வாய் வராது. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஒன்றும் எழுதவில்லை. இரண்டு வருஷமாக வாறுகாலைப் பற்றித்தான் யோசனை" என்றேன்.

அவருக்கு அந்த வார்த்தை விளங்கவில்லை. கரிசல் காட்டுப் பயிர் ஏதோ என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "நன்றாக விளைகிறதா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"விளைகிறது. கொசு" என்றேன்.

மற்ற ஊர்களில் சாக்கடை என்பதை எங்கள் பக்கத்தில் வாறுகால் என்போம். சாக்கடை என்றாலே மூக்கைப் பிடிக்கத் தோன்றும். வாறுகால் என்கிற சொல்லில் அந்த நாற்றம் இல்லை. வாய்க்காலுக்குத் தம்பி போல மரியாதையாக ஒலிக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி, பருத்திக் காட்டுக்கும் வேலிக்கருவைக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் கிராமம். மேலத்தெரு, நடுத்தெரு, காலனி மூன்றும் சேர்த்து 60 வீடு. நான் குடியிருப்பது அருப்புக்கோட்டையில். அம்மா இருப்பது கிராமத்தில். வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே போய்விடுவேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் வாறுகாலே கிடையாது. சொன்னால் நம்பமாட்டீர்கள், கழிவுநீர் என்ற பொருளே கிடையாது. அதற்குக் காரணம் எங்கள் சுத்தம் என்று யாரும் எண்ண வேண்டாம். தண்ணீரே கிடையாது, அதுதான் காரணம்.

வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி இது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் திருச்சுழிக்குப் போய் வேடிக்கை பார்ப்போம். ஊருணியிலிருந்து அப்பத்தா சுமந்து வந்த ஒரு குடத் தண்ணீர் மூன்று வேலை பார்த்தது. அரிசி களைந்த தண்ணீர் கழனிப்பானைக்குப் போய் மாட்டின் வயிற்றில் முடிந்தது. சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கிய தண்ணீர் அங்கணக்குழி வழியாக அவரைப் பந்தலுக்குப் போயிற்று. நான் குளித்த தண்ணீர் முருங்கைக்கு. எங்கள் வீட்டு முருங்கை நான் குளித்துக் குளித்து வளர்ந்த மரம். அதனால்தானோ என்னவோ, காய்க்கிற காலத்தைவிட இலை உதிர்த்த காலமே அதிகம்.

அந்த நாளைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குடம் சுமந்தவள் அப்பத்தா, நான் இல்லை. அவளுக்காவது ஊருணிப் படியில் இறங்கும் உரிமை இருந்தது. காலனிப் பெண்கள் கரையில் காத்து நிற்பார்கள். யாராவது மனமிரங்கி ஊற்றினால் தண்ணீர். பல பேருக்கு மனம் இருந்தது; ஆனால் நேரம் இருந்ததில்லை. அந்தக் காட்சியையும் சேர்த்துத்தான் நான் குளித்து வளர்ந்திருக்கிறேன்.

பிறகு குழாய் வந்தது. முதலில் தெருவுக்கு ஒன்று. நெடுநாள் கழித்து வீட்டுக்கு ஒன்று. 2019ஆம் வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசு ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தபோது, கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்தார்கள். எங்கள் ஊருக்கும் அது வந்து சேர்ந்தது. எத்தனையோ மைல் தூரத்து ஆற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டு முற்றத்தில் 'குபுகுபு'வென்று கொட்டிய அன்று அம்மா குழாய்க்குக் குங்குமம் வைத்தாள். காலனியில் அன்றைக்கே கொட்டியது. ஒரே குழாய், ஒரே நேரம், ஒரே தண்ணீர். கரையில் நின்றவர்களை எண்ணி எனக்குத் தொண்டை அடைத்தது. கண்ணீர் விடுவதற்கும் அன்று தாராளமாகத் தண்ணீர் இருந்தது.

கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகமும் ரசாயனமும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டவன் நான். அந்த அரைகுறைப் படிப்பு இப்படிப்பட்ட சமயங்களில்தான் தலைகாட்டும். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 60 வீட்டில் 240 ஜனம். ஆளுக்கு 55 லிட்டர் என்றால் 13,200 லிட்டர். குடித்தது, ஆவியாய்ப் போனது, மாட்டுக்கு வைத்தது எல்லாம் போக, பத்தில் ஏழு பங்கு அழுக்காகி வெளியே வரும் என்று வைத்துக்கொண்டால் 9,000 லிட்டருக்கு மேல். தினந்தோறும் ஒரு தண்ணீர் லாரி வந்து எங்கள் தெருவில் அழுக்கு நீரைத் திறந்துவிட்டுப் போகிறது என்று அர்த்தம். வருகிற தண்ணீருக்குக் குழாய் போட்டவர்கள் போகிற தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? சிமென்டில் வாறுகால் கட்டினார்கள். மேலத்தெருவில் தொடங்கி, நடுத்தெரு வழியாக, கிழக்கே சரிந்து போகும் வாறுகால். பணம் தீர்ந்ததோ சிமென்டு தீர்ந்ததோ, காலனியின் கடைசி வீட்டுக்கு முன்னால் அது நின்றுவிட்டது. ஆனால் தண்ணீர் நிற்குமா?

இதற்கிடையில் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று நான் பழைய வீட்டை இடித்துக் கட்டியிருந்தேன். வீட்டுக்குள்ளேயே குளியலறை, கழிப்பறை. பின்புறம் செப்டிக் டேங்க். கொத்தனார் கெட்டிக்காரர். ஐந்து வருஷமாகத் தொட்டி நிறையவே இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெருமையை வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

2020இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டம் கிராமத்துக் கழிவுநீரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி தோண்டுங்கள் என்றார்கள். ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம். உள்ளே உடைகல், ஜல்லி, மணல். தண்ணீர் அதில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். நல்ல யோசனைதான். ஊருக்கு முதல் ஆளாக நான் தோண்டினேன். இருபதாம் நாள் குழி நிரம்பி, வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

குற்றம் குழியுடையதில்லை, மண்ணுடையது. மண்ணுடையது என்பதுகூடத் தவறு. கரிசல் மண்ணின் சுபாவம் அது. அதிலிருக்கும் களி, தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் கை நுழைகிற அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழையை அந்த வெடிப்புகள் வழியாக ஆவலாகக் குடிக்கும். அப்புறம் உப்பி, வாயை மூடிக்கொண்டுவிடும். குடித்ததை விடவும் விடாது. மேற்கொண்டு குடிக்கவும் குடிக்காது. மழை நின்று இரண்டு மாதம் ஆன பின்பும் தை மாசியில் பருத்தி பச்சையாக நிற்கிறதே, அது இந்தப் பிடிவாதத்தின் பலன்தான். எங்களுக்குச் சோறு போட்ட அதே குணம் உறிஞ்சுகுழிக்குச் சத்துருவாகிவிட்டது. போதாக்குறைக்குச் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணின் துளைகளை மெழுகிவிடுகின்றன. செவல் மண்ணுக்கும் மணல் பூமிக்கும் வரைந்த படத்தைக் கரிசலில் கொண்டுவந்து வைத்தால் மண் என்ன செய்யும், பாவம்!

எங்கள் ஊரிலிருந்து பஸ் மாறிப் போனால் இரண்டு மணி நேரத்தில் கீழடி. 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் அங்கே செங்கல் கட்டுமானங்களோடு சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய மனிதர்கள் தண்ணீர் எப்படி வரவேண்டும், எப்படிப் போகவேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். அவர்களுக்கு வைகைக் கரையின் வண்டல் மண் வாய்த்திருந்தது. எங்களுக்கு வாய்த்தது கரிசல். ஆனால் யோசிப்பதற்கு மண் தடையில்லையே!

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. என் குழியில் தேங்கியது, ஊர்க் குழிகளில் தேங்கியது எல்லாம் வாறுகாலில் சேர்ந்து கிழக்கே போயிற்று. காலனியின் கடைசி வீட்டில் இருப்பவன் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அம்மா சொல்லி அவனைப் பார்க்கப் போனேன். நடைவாசலில் கறுப்புத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. உள்ளே அவன் தாயாரின் கட்டிலுக்கு நான்கு காலிலும் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக் காய்ந்த இடமாகப் பார்த்துப் போட்டான்.

"உக்காருங்க சார்" என்றான்.

"என்னடா, சாருங்கிறே? பள்ளிக்கூடத்துல என்னைய எப்படிக் கூப்பிடுவே?"

"அது பள்ளிக்கூடத்துல. இப்ப பழகிருச்சு சார்."

பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிற சுபாவம் அவனுக்கு. சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீங்க ஊருக்கு வந்தா எனக்குத் தெரிஞ்சிரும் சார். காலையில எட்டரை மணிக்கு இங்க சந்தன சோப்பு வாசம் வரும். வெள்ளிக்கெழமை சீயக்கா. நடுத்தெருவுல எந்த வீட்ல கறி எடுத்தாகன்னுகூடச் சொல்லிருவேன். அம்புட்டும் இங்கதான வருது!"

நான் சிரிக்க முயன்றேன். முடியவில்லை. எட்டரை மணிக்கு நான் குளிப்பது உண்மை.

எழுந்தபோது அவன் தாயார் கட்டிலிலிருந்தே சொன்னாள்: "நாத்தம் மேலத்தெருவுக்கு எட்டுனாத்தான்யா இதுக்கு விடிவு."

அந்தக் கிழவி எழுதப் படிக்கத் தெரியாதவள். லண்டன் மாநகரத்தின் சரித்திரத்தை அவள் அறிந்திருக்க நியாயமில்லை. 1858ஆம் வருஷக் கோடையில் தேம்ஸ் நதி நாறியது. ஊர்க் கழிவெல்லாம் அதில்தான் விழுந்தது. ஏழைகள் குடியிருந்த பேட்டைகளில் அதற்கு முன்பே வருஷக் கணக்காகக் காலரா வந்து ஆயிரக்கணக்கில் கொன்றிருக்கிறது. அப்போதெல்லாம் பேச்சு பேச்சாகவே இருந்தது. அந்தக் கோடையில் நாற்றம் ஆற்றங்கரையிலிருந்த பார்லிமென்டுக்குள் நுழைந்துவிட்டது. ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள்; தாங்கவில்லை. மூன்று வாரத்துக்குள் சட்டம் நிறைவேறிவிட்டது! ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரத்துக்கு அடியில் அற்புதமான சாக்கடைகளைக் கட்டினார். கட்டி எங்கே கொண்டுபோய் விட்டார்? நகரத்துக்குக் கிழக்கே, ஆற்றின் கீழ்ப்பக்கம், பெரிய மனிதர் மூக்குக்கு எட்டாத தூரத்தில். சுத்திகரிக்காமல் அப்படியே விட்டார்கள். 1878இல் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசப் படகு அந்த இடத்துக்கு அருகே இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் மாண்டார்கள். மூழ்கியவர்கள் விழுந்தது தண்ணீரிலா சாக்கடையிலா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. அதற்குப் பிறகுதான் கழிவைத் தெளியவைத்து விடுவதைப் பற்றி அக்கறையாக யோசித்தார்கள். சாம்ராஜ்யத் தலைநகரமும் எங்கள் அறுபது வீட்டுக் கிராமமும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். வாறுகாலை எல்லாரும் கட்டுவார்கள். அது முடிகிற இடத்தில் யார் வீடு இருக்கிறது என்பதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

மழை விட்ட பிறகு ஊராட்சியில் ஒரு கூட்டம் போட்டார்கள். அதற்கு ஓர் இளம் பொறியாளர் வந்திருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். வந்ததும் முதல் காரியமாக ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து நனைத்து உருட்டிப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் மதிப்பு வந்துவிட்டது. "இந்த மண்ணுல உறிஞ்சுகுழி நிக்காது. தண்ணியை மேலேயே வச்சுத் தெளிய வைக்கணும்" என்றாள். வாறுகால் முடிகிற இடத்தில் மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி. ஒரு நாள் தண்ணீர் அதில் நின்று மண்டியைக் கீழே விடும். அங்கிருந்து முக்கால் முழத்துக்குக் கொஞ்சம் கூடின ஆழமுள்ள ஜல்லிப் பாத்திக்குப் போகும். பாத்தியில் கல்வாழையும் சம்பும் நட வேண்டும். தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே மெதுவாக ஊர்ந்து நாலைந்து நாளில் மறுகரை சேரும்.

"அழுக்கைச் செடி குடிச்சிருமாம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

செடி கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளுமாம். பெரிய வேலை செய்வது ஜல்லியிலும் வேரிலும் வழுவழுவென்று படரும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவை அழுக்கைத் தின்று வாழ்கின்றன. வேர் அவற்றுக்கு வீடும் கொஞ்சம் காற்றும் கொடுக்கிறது. தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியாததால் கொசுவுக்கு முட்டையிட இடமில்லை. 1950களில் ஜெர்மனியில் காத்தே ஸைடல் என்ற பெண் விஞ்ஞானி கோரையையும் நாணலையும் வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். இப்போது உலகமெங்கும் சிறிய ஊர்களில் செய்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், யந்திரம் வேண்டாம். நிலம் மட்டும் வேண்டும். எங்கள் ஊர் அளவுக்கு 6 சென்ட்.

வாறுகாலுக்குக் கிழக்கே இருக்கும் நிலம் யாருடையது? என்னுடையது. அய்யா விட்டுப்போன பருத்திக் காடு.

கூட்டத்தில் எல்லாருடைய கண்ணும் என்மேல் திரும்பியது. சமத்துவத்தைப் பற்றி மூன்று நாவல் எழுதியிருக்கிறேன். வாய் கூசாமல், "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். மூன்று மாதம் யோசித்தேன். சித்தப்பா வேறு தூபம் போட்டார். "ஊர்ச் சாக்கடை விடுறதுக்கு நம்ம காடுதான் கெடைச்சுதா? உங்கப்பன் வேர்வை சிந்துன மண்ணுடா" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நான் யோசித்துக்கொண்டிருந்த அந்த மூன்று மாதத்தில் ஈரம் தாங்காமல் என் பள்ளித் தோழன் தாயாரைக் கமுதிப் பக்கத்தில் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டான். செய்தி கேட்ட அன்று அம்மா அடுப்படியிலிருந்தே பேசினாள்.

"காட்டைக் குடுக்கணுமான்னு என்னப்பா ரோசனை? இப்ப மட்டும் அந்தத் தண்ணி எங்க போகுதாம்? நம்ம காட்டுக்குத்தான் போகுது. அவுக வீட்டு நடைவாசல் வழியாப் போகுது. அவுகளச் சுத்திப் போகச் சொல்லுதாக, அம்புட்டுத்தான்."

மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தொட்டி வந்தது, பாத்தி வந்தது. கல்வாழை நாலாவது மாதமே சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தது. கடைசிக் குழாயில் வந்த தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்த்தேன். வைக்கோல் ஊறின தண்ணீர் போல இலேசான மஞ்சள், நாற்றம் இல்லை. குடிக்கவோ பச்சையாகத் தின்னும் கீரைக்கோ ஆகாது. வேப்பங்கன்றுக்கும் பருத்திக்கும் தீவனப் புல்லுக்கும் தாராளமாகப் பாய்ச்சலாம். கிழவி கமுதியிலிருந்து திரும்பி வந்தாள். கட்டிலின் கீழிருந்த செங்கல்லை எடுத்து அடுப்பு கட்டிக்கொண்டார்கள். அந்தக் கல்வாழைப் பூவை மட்டும் இன்றுவரை யாரும் சாமிக்குப் பறிப்பதில்லை. சித்தப்பாவோ, வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து, "நம்ம காடு, பாருங்க" என்று காட்டத் தொடங்கிவிட்டார்.

கதையாக இருந்தால் இந்த இடத்தில் முற்றும் போட்டிருப்பேன். பத்திரிகாசிரியர்களுக்கும் பிடித்திருக்கும்.

தொட்டியில் சேரும் மண்டியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அள்ள வேண்டும். முதல் தடவை ஊராட்சியில் கூலி பேசி ஆள் விட்டார்கள். யாரை என்று சொல்லத் தேவையில்லை. அவன் வீடுதானே பக்கத்தில் இருக்கிறது! வாளியும் கையுமாக அவன் இறங்கி அள்ளினான். நான் வேப்ப மரத்து நிழலில் நின்று பார்த்தேன். முடிந்ததும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கொடுத்தபோது மனத்துக்கு நிறைவாகவே இருந்தது. இரண்டாம் தடவையும் அவனே அள்ளினான்.

அப்புறம் தொட்டியில் கறுப்பாகக் குமிழி கிளம்பத் தொடங்கியது. அழுகின முட்டை நாற்றம். பொறியாளப் பெண் வந்து முகர்ந்துவிட்டு, "இது குளிச்ச தண்ணி மட்டும் இல்லை சார். எந்த வீட்டிலிருந்தோ கக்கூஸ் தொட்டியை வாறுகாலோடு சேர்த்திருக்கிறார்கள்" என்றாள். கண்டுபிடிப்பது எப்படி? யோசனை சொன்னவன் நான்தான். அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர்போன ஊர், சாயத்துக்குப் பஞ்சமில்லை. நூலுக்குப் போடுகிற நீலச் சாயம் கொஞ்சம் வாங்கிவந்து, ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் கரைத்து ஊற்றி, வாறுகாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். துப்பறியும் கதை மாதிரி எனக்கு ஒரே உற்சாகம். முதல் வீடு, ஒன்றுமில்லை. இரண்டாம் வீடு, ஒன்றுமில்லை. மூன்றாம் வீட்டில் ஊற்றிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாறுகாலில் நீலம் ஓடியது.

மூன்றாம் வீடு என்னுடையது.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் குற்றம் செய்தவர் போலவே இல்லை. "தொட்டிக்கு மேல்பக்கம் ஒரு பைப்பு வச்சு வாறுகால்ல விட்டுருவோம் சார். எல்லாரும் அப்படித்தான் வைக்கச் சொல்லுவாக. இல்லேன்னா இந்த மண்ணுல தொட்டி வருசா வருசம் ரொம்பிப் போகும்ல?" என்றார். ஐந்து வருஷமாக நிறையாத என் தொட்டியின் ரகசியம் அதுதான். அதற்குப் பிறகு சோதித்ததில் இன்னும் நாலு வீட்டில் நீலம் ஓடியது. அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டானது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மனிதர் கையால் மலம் அள்ள வைப்பதை 1993ஆம் வருஷச் சட்டமே தடுத்தது. 2013ஆம் வருஷச் சட்டம் அதை இன்னும் இறுக்கி, செப்டிக் தொட்டியில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. மூடிய தொட்டியில் சேரும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். நம் நாட்டில் அப்படிச் செத்தவர்களின் செய்தி பத்திரிகைகளில் நின்றபாடில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட சாவுக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. இதையெல்லாம் பத்திரிகையில் படித்து, 'அநியாயம்!' என்று வருத்தப்பட்டிருக்கிறேன். வேப்ப மர நிழலில் நின்று நான் பார்த்த காரியம் எது என்பது நீலத் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும் சார். மொத வாளியிலேயே தெரிஞ்சிருச்சு. அழுக்குத் தண்ணி வாசம் வேற, இது வாசம் வேற."

"ஏண்டா சொல்லலே?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் சிரிக்கவும் இல்லை.

"சொன்னா எந்த வீடுன்னு தேடணும் சார். தேடுனா மேலத்தெருவுல சண்டை வரும். சண்டை வந்தா, இந்தத் தொட்டியினாலதான சண்டைன்னு தொட்டியை மூடிருவாக. மூடுனா தண்ணி திரும்ப எங்க வரும்? இங்கதான் வரும். அதுக்கு இதை அள்ளிட்டுப் போயிறலாம்னு இருந்தேன்."

எத்தனையோ பாத்திரங்களின் மனசுக்குள் புகுந்து எழுதியவன் என்று என்னைப் பற்றி விமரிசகர்கள் சொல்வதுண்டு. இந்தக் கணக்கு என் புத்திக்கு எட்டியதே இல்லை.

மறுநாளே குழாயை அடைத்தேன். கரிசலில் இரட்டைக் குழிக் கழிப்பறையும் சரிப்படாது என்பதால் தொட்டியைக் கசிவில்லாமல் பூசி, நிறையும்போது லாரியில் உறிஞ்சி எடுக்க ஏற்பாடு செய்தேன். மற்ற நாலு வீட்டுக்காரர்களையும் செய்ய வைத்தோம். என் வீட்டுக் குழாயை நானே அடைத்ததால் யாரும் பேச முடியவில்லை. லாரிக்காரரிடம், "எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார் உங்களுக்கு?" என்றார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கொத்தனாரிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. விடவில்லை. அடுத்த தடவை லாரியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் குழாய் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். 2017ஆம் வருஷ வாக்கில் கருங்குழியில் தொடங்கி, மனிதக் கழிவைத் தெளிய வைக்கும் நிலையங்கள் தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஊராக வந்திருக்கின்றன. ஆனால் லாரி அதன் வாசல்வரை போகிறதா என்று யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டும்.

தொட்டி மண்டியையும் இப்போது ஆள் அள்ளுவதில்லை. அதற்கும் அதே லாரிதான். வருஷத்துக்கு இரண்டு தடவை. செலவுக்கு வீட்டுக்கு 100 ரூபாய். வசூல் பண்ணி நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற வேலை எனக்கு. சென்னை நண்பரிடம் ஒன்றும் எழுதவில்லை என்று சொன்னது முழு உண்மையில்லை, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஆளாகப் பணம் கொண்டுவந்தது கடைசி வீட்டுக்காரன்தான். நூறு ரூபாய் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, ரசீது கேட்டான். நான் எல்லாரும் அவனைக் கூப்பிடுகிற பெயரை எழுதத் தொடங்கினேன்.

"அப்படி இல்ல சார். ரேசன் கார்டுல இருக்கிற மாதிரி முழுப் பேரும் எழுதுங்க. இனிசியலோட" என்றான்.

ஐந்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் அவனுடைய இனிஷியல் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

60 வீட்டில் 53 வீட்டுப் பணம் வந்துவிட்டது. சித்தப்பா இன்னும் தரவில்லை.